பழசும் புதுசுமாகக் கைத்துப்பாக்கி சேகரிப்பு: வாங்கும் முன் எதைப் பார்க்கணும், வாங்கிய பின் எதைத் தொடக் கூடாது?

புதுச்சேகரிப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். உரிமம், பதிவு, பூட்டுப் பெட்டி மூன்றும் தயார், அதனால் சட்டம் பற்றிய கேள்வி இல்லை. எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசையும் இல்லை. குறைவாக, ஆனால் ஒவ்வொன்றும் சரியான உருப்படியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது விலை பேசிக்கொண்டிருப்பவை மூன்று:

1. மவுசர் தயாரித்த லூகர் பி08. டாகிள் (மேலே மடங்கி எழும் மூட்டு) மேல் எஸ்/42 என்ற ஆலைக் குறி, அறை மேல் 1936 என்ற ஆண்டு. எல்லாப் பாகமும் ஒரே எண் என்று விற்பவர் சொல்கிறார்.

2. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கே ஃபிரேம் (நடுத்தர அளவு உடல்) ரிவால்வர், .38 ஸ்பெஷல், 1950களைச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். வலது பக்கத்தில் கட்டைவிரல் நக அளவுக்குத் துரு.

3. ஹெக்லர் அண்ட் கோக் பி7. பெட்டியோடு வருகிறது, அதிகம் சுடப்படாதது போலத் தெரிகிறது.

கேட்க நினைப்பது: லூகரின் எண்களை எந்த வரிசையில் சரிபார்ப்பது? மறுபடி புளூயிங் (எஃகின் மேல் ஏற்றும் கருநீல நிறம்) செய்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ரிவால்வரின் துருவை எடுத்துவிட்டுப் பட்டறையில் கொடுத்துப் புளூயிங் போட்டால் மதிப்பு கூடுமா? புதிய காலத்து பிஸ்டலைச் சேகரிப்பில் வைப்பதில் அர்த்தம் உண்டா?

---

எண்முத்திரை

கடைசிக்கு முந்தைய கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். மறுபடி புளூயிங் போட்டால் மதிப்பு கூடாது, விழும். பளபளப்பாக்கிய துப்பாக்கியைவிட, மங்கலாகி விளிம்பு வெளுத்த அசல் மேற்பரப்புக்கே சேகரிப்பாளர்கள் அதிகம் கொடுப்பார்கள். ரிவால்வரை மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும், நான் லூகருக்கு வருகிறேன்.

"எல்லாம் ஒரே எண்" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரித்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் ஒரே எண் என்பதற்கான விலையைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. மேகசினை எடுங்கள், டாகிளை மேலே இழுத்துத் திறங்கள், அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு குழலைச் சற்றுப் பின்னால் அழுத்திப் பிடித்து, பிரிப்பு நெம்புகோலைக் கீழே 90 டிகிரி திருப்புங்கள். பக்கத் தகடு கையோடு வந்துவிடும், மேல்பகுதி முழுவதும் முன்னால் வழுக்கி வரும். கருவி எதுவும் தேவையில்லை. எதையாவது தட்ட வேண்டியிருந்தால் எங்கோ தப்பு இருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

முழு எண் இருக்கும் இடங்கள் ஃபிரேமின் முன் முகம் (குழலுக்குக் கீழே), ரிசீவரின் (குழல் பொருந்தியிருக்கும் மேல்பகுதி) இடது பக்கம், குழலின் அடிப்பகுதி. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் சிறு பாகங்களில் இருக்கும்: டாகிளின் இரு இணைப்புகள், அதன் பின்பக்க ஊசி, பக்கத் தகடு, பிரிப்பு நெம்புகோல், டிரிகர், சேஃப்டி, எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கி), ஃபயரிங் பின் (சுடும் ஊசி). கிரிப் பலகையின் உட்புறத்தையும் விற்பவரையே கழற்றிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது எழுத்தில்தான். எண் வரிசை ஆண்டுதோறும் 1-இல் தொடங்கும், பத்தாயிரம் ஆனதும் கீழே ஒரு சிறிய எழுத்து சேர்ந்து மறுபடி 1-இலிருந்து ஓடும். ஆகவே ஒரே ஆண்டில் 4521 என்ற எண்ணில் பல லூகர்கள் வந்திருக்கும், அவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்த எழுத்துதான். ஃபிரேமின் முன் முகத்தில் எண்ணுக்குக் கீழே எழுத்து இருக்கிறதா, குழலில் உள்ளது அதனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குழலின் அடியில் 8,82, 8,83 போன்ற எண் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து பொறித்தது.

இரண்டு இலக்கம் ஒத்துப்போய்விட்டதாலேயே பாகம் அசல் என்று முடிவு செய்ய முடியாது. வேறு எண் இருந்த பாகத்தை அரைத்து, வேண்டிய எண்ணை அடித்து விற்பது பழைய தந்திரம். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அரைத்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பள்ளம் தெரியும். இலக்கங்களின் ஆழமும் எழுத்து வடிவமும் மற்ற பாகங்களோடு ஒத்திருக்க வேண்டும்.

இனி மேற்பரப்பு. மவுசர் ஆலை 1937-இல்தான் துருமுறைப் புளூயிங்கிலிருந்து (மெல்லிய துருவை வரவழைத்துக் கறுப்பாக்கும் முறை) சூடான உப்புக் கரைசலில் முக்கும் முறைக்கு மாறியது. உங்கள் துப்பாக்கி 1936. இதிலிருந்து மூன்று சோதனைகள் கிடைக்கின்றன.

முதலாவது உட்புறம். துருமுறையில் வெளிமுகத்துக்கு மட்டும்தான் நிறம் ஏற்றுவார்கள். அதனால் 1936 லூகரைப் பிரித்தால் ஃபிரேமின் உட்புறம் வெறும் எஃகின் வெள்ளையாக, வயதால் சற்றுச் சாம்பலாக இருக்கும். உள்ளேயும் கருநீலம் என்றால் யாரோ பின்னாளில் முழுசாகத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். வெளியே எவ்வளவு அழகாக மெருகேற்றியிருந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வைக்கோல் நிறம். அந்த ஆண்டில் டிரிகர், பிரிப்பு நெம்புகோல், சேஃப்டி நெம்புகோல், மேகசின் பட்டன் ஆகியவை சூடேற்றி வரவழைத்த மஞ்சள்பழுப்பு நிறத்தில் இருக்கும். இவையும் நீலமாக இருந்தால் மாற்றுப் பாகம், இல்லையென்றால் மறுபூச்சு. தேய்ந்து சாம்பலாகியிருந்தால் குறையில்லை. டிரிகரின் பக்கவாட்டு இடுக்குகளில் கொஞ்சமாவது அசல் நிறம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது முத்திரையைச் சுற்றி வரும் ஒளிவளையம். புளூயிங் முடிந்த பிறகு அடித்த முத்திரையின் ஓரத்தில் உலோகம் மெல்ல மேலெழும்பி, சுற்றிலும் வெளிறிய வட்டமாகத் தெரியும். மறுபடி மெருகேற்றியதில் அது போய்விடும், திரும்ப வராது. எல்லா முத்திரையும் புளூயிங்குக்குப் பின் அடித்தது அல்ல என்பதால், ஓரிடத்தில் வளையம் இல்லை என்று மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

இடது கிரிப்பை நீங்களாகக் கழற்றாதீர்கள். சேஃப்டி நெம்புகோலை ஒட்டிய மூலை மிக மெல்லியது, அவசரத்தில் நிமிர்த்தினால் சில்லு உடையும். சில்லுப் போகாத இடது கிரிப் கிடைப்பதே அரிது. உலோகம் தேய்ந்திருக்க, கிரிப்பின் கட்டங்கள் மட்டும் ஊசிமுனையாக நின்றால் பலகை வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது.

மேகசின் எண் ஒத்துப்போனால் அது தனி மதிப்பு. எண்ணோடு + குறி இருந்தால் அது துப்பாக்கியோடு வந்த இரண்டாவது மேகசின்.

கடைசியாக ஒன்று. எல்லா எண்ணும் ஒத்த லூகரைச் சுடாதீர்கள். எக்ஸ்ட்ராக்டரோ ஃபயரிங் பின்னோ ஒருமுறை உடைந்தால் போதும், அந்த முழுமை போய்விடும். மாற்றுப் பாகம் வாங்கலாம், அந்த எண்ணை வாங்க முடியாது. சுட்டுப் பார்க்கும் விருப்பம் இருந்தால் எண் ஒவ்வாத லூகர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

உருளை357

ரிவால்வர் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல வயசு. 1950கள்னா ஸ்க்ரூவை எண்ணிப் பாருங்க. பக்கத் தகட்டுல நாலு (ஒண்ணு கிரிப்புக்கு அடியில மறைஞ்சிருக்கும்), டிரிகர் கார்டுக்கு முன்னாடி ஒண்ணு, ஆக அஞ்சு இருந்தா பழைய அமைப்பு. 1955-ஐ ஒட்டி பக்கத் தகட்டோட மேல் ஸ்க்ரூ போச்சு, 1960களோட ஆரம்பத்துல டிரிகர் கார்டு ஸ்க்ரூவும் போச்சு. சிலிண்டரை வெளிய சாய்ச்சா, அதைத் தாங்குற யோக் பொருந்துற இடத்துல ஃபிரேம்ல மாடல் எண் தெரியும். அந்தப் பழக்கம் 1957-லதான் வந்தது. மாடல் எண் இல்லாம அஞ்சு ஸ்க்ரூவும் இருந்தா, சொன்ன காலத்துக்குப் பொருந்துது.

அதே இடத்துல இன்னொரு எண்ணும் இருக்கும். அது சீரியல் இல்லை, ஆலையில பாகங்களைச் சேர்த்து வைக்க அடிச்ச எண். பதிவுத்தாள்ல அதைப் போய்ச் சீரியல்னு எழுதி மாட்டிக்கிறவங்க உண்டு. உண்மையான சீரியல் பிடியோட அடிப்பகுதியில. அதே எண் சிலிண்டரோட பின் முகத்திலயும், குழலுக்கு அடியில எஜெக்டர் ராட் (காலித் தோட்டாவைத் தள்ளுற கம்பி) படுக்குற பள்ளத்திலயும் இருக்கணும். வலது கிரிப்போட உள்பக்கத்திலயும் முத்திரையாவோ பென்சிலாலயோ எழுதியிருக்கும். அந்தப் பென்சில் எழுத்தைத் துணியால துடைச்சிடாதீங்க.

மறுபுளூயிங்கைப் பிடிக்க இங்க ஒரு சுலப வழி: ஹேமரும் டிரிகரும். அசல்ல ரெண்டும் கேஸ் ஹார்டனிங் (மேல்பரப்பை மட்டும் கெட்டியாக்குறது) பண்ணி, சாம்பல், பழுப்பு, நீலம் கலந்து மேகம் மாதிரி திட்டுத்திட்டா இருக்கும். ரெண்டும் சீரான கருநீலமா இருந்தா யாரோ மொத்தமா முக்கியிருக்காங்க. பக்கத் தகட்டோட சேர்ப்புக் கோட்டைப் பாருங்க. அசல்ல நகத்தை ஓட்டினாலும் தட்டாது. பாலிஷ் சக்கரத்துல வச்சதுன்னா கோட்டோட ரெண்டு கரையும் உருண்டு நிழல் விழும். ஸ்க்ரூ ஓட்டைகளும் குழிஞ்சு தெரியும். ஆனா சீரியலுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி, கிரிப்புக்கு உள்ள ஃபிரேம்ல மாதமும் ஆண்டும் இருந்தா, அது ஆலைக்கே திரும்பிப் போய் வேலை பார்த்து வந்தது. அதுக்கு அசலோட விலை கிடைக்காது, பட்டறை வேலையைவிட மரியாதை அதிகம்.

இயக்கம்: காலின்னு உறுதி பண்ணிட்டு இதையெல்லாம் பாருங்க.

சிலிண்டர்ல விரலை லேசா வச்சுத் தடை குடுத்துக்கிட்டே ஹேமரை மெதுவா இழுங்க. ஹேமர் முழுசா நிக்கிறதுக்கு முன்னாடி சிலிண்டர் பூட்டணும். ஆறு அறைக்கும் தனித்தனியாப் பாருங்க, ஒண்ணு மட்டும் பிந்துறது சகஜம். அது எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துல அந்த ஒரு பல்லு தேய்ஞ்சதுனால.

ஹேமர் நின்னதும் டிரிகரைத் தொடாம கட்டைவிரலால பின்னாலேருந்து முன்னாடி தள்ளுங்க. விழுந்தா வாங்காதீங்க. யாரோ டிரிகரை லேசாக்குறேன்னு உள்ள அரம் போட்டிருக்காங்க.

குழலுக்கும் சிலிண்டருக்கும் இடையில இருக்குற இடைவெளியை (சந்து) ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வச்சு அளங்க. சிலிண்டரைப் பின்னால தள்ளி ஒரு அளவு, முன்னால தள்ளி ஒரு அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். சந்து 0.1 முதல் 0.2 மி.மீ. வரைக்கும் சரி. 0.25 தாண்டினா விலையில பேசுங்க. ஆட்டம் 0.1-ஐத் தாண்டினா நிறைய சுட்டிருக்காங்கன்னு அர்த்தம். மெல்லிய வாஷர் போட்டுச் சரிபண்ணலாம்.

குழலோட பின்முனை, அதாவது குண்டு நுழையுற கூம்பு, அங்க கீழ்ப்பக்கத்தை விளக்கு வச்சுப் பாருங்க. கே ஃபிரேம்ல யோக் இடிக்காம இருக்க அந்த இடத்தைத் தட்டையாச் சீவியிருப்பாங்க, அதனால சுவர் மெலிசு. .357 மேக்னம் கே ஃபிரேம்கள்ல எடை குறைஞ்ச, வேகமான குண்டு நிறைய சுட்டா விரிசல் சரியா அங்கதான் விழும். .38 ஸ்பெஷல்ல பயம் குறைவு, பார்த்துட்டு வாங்குறது நல்லது. குழலுக்குள்ள கறுப்பு வளையம் நிழல் மாதிரி தெரிஞ்சா அது வீக்கம். உள்ள குண்டு சிக்கியிருக்கறப்ப அடுத்ததைச் சுட்டதால வர்றது, சரிபண்ண வழியில்லை.

பக்கத் தகட்டைத் திறக்கணும்னா நெம்பவே கூடாது. ஸ்க்ரூக்களைக் கழட்டிட்டு, பிடிப் பக்கத்து ஃபிரேமை மரக் கைப்பிடியால தட்டிக்கிட்டே இருங்க, அதிர்வுல தானா எழும்பும். ஸ்க்ரூ டிரைவர் முனை ரெண்டு பக்கமும் இணையா, பள்ளத்துல முழுசா நிரம்புற மாதிரி இருக்கணும். கடைகள்ல கிடைக்கிற ஆப்பு வடிவ முனை பள்ளத்துக்கு மேல ஏறி விளிம்பைச் சிதைக்கும். ஸ்க்ரூ தலை சிதைஞ்சிருந்தா, உள்ள கத்துக்குட்டி கை வச்சிருக்குன்னு வாங்க வர்றவங்க உடனே முடிவு பண்ணிடுவாங்க.

---

புதுச்சேகரிப்பாளர்

இருவருக்கும் நன்றி. ரிவால்வரில் எண்கள் ஒத்துப்போகின்றன, ஹேமரில் திட்டுநிறம் இருக்கிறது, அதனால் புளூயிங் அசல் என்றே படுகிறது. துரு மட்டும் சிலிண்டர் ஜன்னலுக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில். துருநீக்கி திரவம் போடலாமா? அதோடு வந்த பழைய தோல் உறையிலேயே வைத்துவிடலாமா?

---

மெழுகுத்துணி

இரண்டுக்குமே கூடாது என்பதுதான் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

புளூயிங் என்பது எஃகின் மேல் இருக்கும் மெல்லிய கறுப்பு இரும்பு ஆக்சைடு, மேக்னடைட். சிவப்புத் துருவும் இரும்பு ஆக்சைடுதான். பாஸ்பாரிக் அமிலம், வினிகர், கடைகளில் கிடைக்கும் துருநீக்கி எதுவானாலும் இரண்டையும் பிரித்துப் பார்க்காது. துரு போகும், அதோடு புளூயிங்கும் போய்ச் சாம்பல் திட்டு மிஞ்சும்.

தோல் உறை இன்னும் மோசம். பதப்படுத்தும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் தோலில் தங்கியிருக்கும், ஈரத்தையும் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உறைக்குள் கிடந்த துப்பாக்கியில் துரு உறையின் தையல் வடிவத்திலேயே படிந்திருப்பதைப் பார்க்கலாம். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரே வரலாற்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். பக்கத்தில் தனியாக, உள்ளே அமிலமில்லாத காகிதத்தைச் சுருட்டி வடிவம் குலையாமல் வையுங்கள்.

துருவுக்கு வருவோம். முதலில் அது இன்னும் வளர்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் செம்பழுப்பு வந்துகொண்டே இருந்தால் உயிருள்ள துரு. துணி சுத்தமாகி, இடம் கெட்டியான பழுப்பாக நின்றால் அது பழைய படிவம், அதை விட்டுவிடலாம். உங்களுடையது ஆரஞ்சு என்பதால் எடுக்க வேண்டியதுதான்.

கிரிப்பை முதலில் கழற்றுங்கள். எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் கறுத்து மென்மையாகிவிடும். கிரிப் இறுகியிருந்தால் ஓரத்தில் நெம்பாமல், ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி அதன் தலையை மெல்ல அழுத்துங்கள், எதிர்ப்பக்கப் பலகை எழும்பும்.

துருவின் மேல் மெல்லிய ஊடுருவும் எண்ணெய் தடவி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். இதில் அவசரப்படுவதால்தான் பெரும்பாலும் கீறல் விழுகிறது. ஊறாத துருவின் துணுக்கே உப்புத்தாளாக வேலை செய்யும். பிறகு வெண்கலக் கம்பளி, அல்லது விளிம்பை உருட்டிய செம்புத் துண்டு. எஃகைவிட மிருதுவானவை என்பதால் துருவை எடுக்கும், அடியில் இருப்பதைக் கீறாது. எண்ணெய் வற்றாமல் ஒரே திசையில், விரல்நுனி அழுத்தத்தில் பத்துப் பதினைந்து இழுப்பு. துணியால் துடைத்து லென்ஸில் பாருங்கள், மறுபடி. ஆரஞ்சு போய் அடர்பழுப்போ கருமையோ தெரிந்ததும் நிறுத்துங்கள். குழி விழுந்திருந்தால் அதன் அடியில் இருப்பதைத் தோண்டாதீர்கள், எண்ணெய் பூசினால் அது அப்படியே அடங்கிக் கிடக்கும்.

வைக்கோல் நிறப் பாகங்களில் இந்த முறையை நினைத்தும் பார்க்க வேண்டாம். அந்த நிறம் அவ்வளவு மெல்லிய படலம், கம்பளி நாலு இழுப்பில் அழித்துவிடும்.

நிக்கல் பிளேட்டிங் உள்ளது எதிர்காலத்தில் வாங்கினால் இதை மறக்க வேண்டாம்: குழலில் செம்புப் படிவை எடுக்கும் அமோனியா கரைசல் வெளியே சிந்தக் கூடாது. பல துப்பாக்கிகளில் நிக்கலுக்கு அடியில் செம்பு அடுக்கு உண்டு. சிறு கீறல் வழியாக அமோனியா உள்ளே போய் அதைக் கரைக்கும், மேலே நிக்கல் செதில்செதிலாக எழும்பும்.

---

உருளை357

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. 0000 எண் எஃகுக் கம்பளியும் எண்ணெயோட போட்டா உப்புமுறைப் புளூயிங்கை ஒண்ணும் பண்ணாது, பலரும் அதைத்தான் பயன்படுத்துறாங்க.

---

மெழுகுத்துணி

கெட்டியான உப்புமுறைப் புளூயிங்கில் சரிதான். தேய்ந்து மெலிந்த பழைய பரப்பில் அதே அழுத்தம் நிறத்தை எடுத்துவிடும். அதோடு எஃகுக் கம்பளியின் துகள் இடுக்கில் தங்கினால் அதுவே புதிய துருவுக்கு விதையாகும். வெண்கலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பழகிய கைக்கு உங்கள் முறை பரவாயில்லை, முதல்முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பாக வைப்பதையும் எழுதிவிடுகிறேன். வெளிப்பரப்புக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. அருங்காட்சியகங்களில் பயன்படும் ரெனசான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான், பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது. பரப்பின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பருத்தித் துணியில் மிகக் கொஞ்சம் தொட்டு மெல்லிசாகத் தடவி, மினுமினுக்கும் வரை தேயுங்கள். தடிமனாகப் பூசினால் வெள்ளையாகப் பூத்து முத்திரை எழுத்துக்குள் உட்காரும். இரண்டு மெல்லிய பூச்சு போதும். எண்ணெய் புவியீர்ப்பில் கீழே வடிந்து மரத்தைத் தேடிப் போகும், மெழுகு நின்ற இடத்தில் நிற்கும். உள் இயக்கத்துக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய். டபிள்யூடி-40 மாதிரி தெளிப்பை நீண்ட காலக் காப்பாக நம்பாதீர்கள், காய்ந்து பிசினாகி உள்ளே இருப்பதை ஒட்டவைக்கும்.

பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். எஃகு இன்னும் வறட்சியாக இருப்பதையே விரும்பும், ஆனால் மரமும் தந்தமும் 40-க்குக் கீழே சுருங்கி வெடிக்கும். அளவைவிட நிலைத்தன்மை முக்கியம். 15 டிகிரி அறையிலிருந்த துப்பாக்கியை ஈரமான சூட்டறைக்குக் கொண்டுவந்து உடனே திறந்தால் மேலே பனி பூக்கும். பெட்டியோடு சில மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடேற்றினால் மறுபடி வேலை செய்யும். சமையல் அடுப்பில் செய்ய வேண்டாம், நீலநிற வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது.

முட்டைத்தட்டு மாதிரியான பாலியூரித்தேன் ஃபோம் போட்ட பெட்டிகள் பயணத்துக்கு மட்டும். ஈரத்தைப் பிடிக்கும், வயதானால் பொடிந்து ஒட்டும். நிரந்தரமாக வைக்க பாலித்தீன் ஃபோம், சாயமில்லாத பருத்தித் துணி. பி.வி.சி. பை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்ட் கிரிப் உள்ள பழைய துப்பாக்கி இருந்தால் அதைத் தனிப் பெட்டியில் வையுங்கள். செல்லுலாய்ட் சிதையும்போது வெளிவரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகையும் அரிக்கும்.

தொடும்போது நைட்ரைல் கையுறை. வியர்வை உப்பு விரல்ரேகை வடிவத்திலேயே துருவாகப் பதியும்.

---

பாலிமர்பெட்டி

புதிய காலத்து பிஸ்டல் சேகரிப்புக்கு உரியதா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. நிச்சயம் உரியது, ஆனால் தேர்வின் கணக்கு வேறு. இன்றும் லட்சக்கணக்கில் வார்க்கப்படும் மாடலைச் சுடுவதற்கு வாங்குங்கள். சேகரிப்புக்கு வேண்டியது தொழில்நுட்பத்தில் ஒரு திருப்பத்தைக் காட்டுவது, உற்பத்தி நின்றுபோனது, வெளிவந்தபோது இருந்த எல்லாவற்றோடும் கிடைப்பது. ஹெக்லர் அண்ட் கோக் 1970-இல் கொண்டுவந்த விபி70 பாலிமர் ஃபிரேமோடு வந்த முதல் பிஸ்டல். 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17-தான் அந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இவற்றின் ஆரம்பகாலத் துப்பாக்கிகளுக்கு இப்போதே தனி வரவேற்பு.

உங்கள் பி7 நல்ல தேர்வு. பிடியின் முன்புறத்தை அழுத்தினால்தான் ஸ்டிரைக்கர் (ஸ்பிரிங் தள்ளித் தோட்டாவை அடிக்கும் ஊசி) ஏறும், கையைத் தளர்த்தினால் இறங்கிவிடும். குழல் ஃபிரேமோடு நிலையாக இருக்கும். குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டருக்குள் வெடிவாயு புகுந்து, ஸ்லைடில் தொங்கும் பிஸ்டனை எதிர்த்து அழுத்தி ஸ்லைடு பின்வருவதைத் தாமதப்படுத்தும். இத்தனை பாகத்தைக் கடைந்தெடுக்கும் செலவில் இன்று யாரும் இப்படி ஒன்றைச் செய்வதில்லை.

ஆண்டைக் கண்டுபிடிக்க இரண்டு எழுத்துக் குறியைப் பாருங்கள். ஜெர்மன் சோதனைக் குறியீட்டில் ஏ என்றால் 0, பி என்றால் 1, அப்படியே போய் ஐ என்றால் 8. ஜே கிடையாது, கே என்றால் 9. ஆக ஐஇ இருந்தால் 84, கேஏ இருந்தால் 90. பெட்டி லேபிளில் உள்ள சீரியலும் ஃபிரேமின் சீரியலும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். வேறு பி7-இன் காலிப் பெட்டியைப் போட்டு "பெட்டியோடு" என்று விற்பது ரொம்பச் சாதாரணம். இரண்டாவது மேகசின், கையேடு, சோதனை இலக்குத்தாள், வாயு சிலிண்டரைச் சுரண்டும் கருவி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியில் சொன்னது பெரும்பாலும் தொலைந்திருக்கும், தனியாகத் தேடினால் கண்ணைக் கட்டும்.

அதிகம் சுடப்படாதது என்பதை வாயு சிலிண்டர்தான் சொல்லும். ஸ்லைடைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடியுங்கள். கெட்டியான கரிப் படிவு இருந்தால் பேச்சு பொய். பிஸ்டனின் பக்கங்களில் நீளவாட்டுக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் பாலிகோனல் குழல் (உட்புறம் கூரான பள்ளங்கள் இல்லாமல் பலகோண வடிவில் இருப்பது), அதனால் வெறும் ஈயக் குண்டு போடாதீர்கள். ஈயம் படிந்து வாயுத் துளையையும் அடைக்கும்.

மாற்றம் எதுவும் செய்யாதீர்கள். ஸ்லைடில் சைட்டுக்காக வெட்டுவது, லேசரில் பெயர் பொறிப்பது எல்லாம் திரும்ப முடியாதவை. கிரிப் மாற்ற ஆசைப்பட்டால் அசல் கிரிப்பையும் ஸ்க்ரூக்களையும் பெயர் எழுதிய பையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். பாலிமர் ஃபிரேமில் பிரேக் கிளீனர் தெளிக்காதீர்கள், சில வகை பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்து வெடிக்க வைக்கும். ரப்பர் மேலுறை கொண்ட கிரிப்புகள் பத்திருபது ஆண்டில் பிசுபிசுக்கும். அதற்கு மருந்தில்லை, வெளிச்சமும் சூடும் படாமல் வைத்தால் தள்ளிப்போகும்.

ஸ்பிரிங்கைப் பற்றி எப்போதும் கேட்பார்கள், அதையும் சொல்கிறேன். மேகசினைக் காலியாக, பிஸ்டலை ஹேமரோ ஸ்டிரைக்கரோ இறங்கிய நிலையில் வையுங்கள். பழைய ஸ்டிரைக்கர் துப்பாக்கிகளைக் காலியாக இழுத்துச் சொடுக்கி விளையாடக் கூடாது. ஜப்பானிய டைப் 14 நம்புவில் ஸ்டிரைக்கர் முனை அப்படித்தான் உடைகிறது. .22 ரிம்ஃபயரில் ஊசி அறையின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போடும்.

---

புதுச்சேகரிப்பாளர்

பெட்டி லேபிளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், எண் ஒத்துப்போகிறது, குறி ஐஇ. கடைசியாக ஒன்று: அடுத்து நம்பு டைப் 14, பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி எம்கே 6, இல்லை சிங்கர் நிறுவனம் செய்த அமெரிக்க ராணுவ பிஸ்டல் 1911ஏ1 என்று கனவு. பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

---

எண்முத்திரை

சிங்கரைக் கனவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். செய்தது மொத்தம் 500, எண் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. அந்த விலைக்காகவே போலி ஸ்லைடுகள் சுற்றுகின்றன. போரின்போது மற்ற ஆலைகள் சாம்பல் பாஸ்பேட் பூச்சுக்குப் போக, சிங்கர் புளூயிங்கோடு வந்தது. பாஸ்பேட் பூச்சில் சிங்கர் ஸ்லைடு கண்டால் முதல் சந்தேகம் அங்கேயே. துறை தெரிந்த இருவர் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம்புவில் தேதி ஷோவா (ஜப்பானியப் பேரரசர் கால) ஆண்டில் இருக்கும், 1925-ஐக் கூட்டுங்கள். 18.9 என்றால் 1943 செப்டம்பர். வெப்லியில் சிலிண்டரின் பின் முகத்தைப் பாருங்கள். .45 ஏசிபி தோட்டா போடுவதற்காகச் சீவிய துப்பாக்கிகள் ஏராளம். சேகரிப்பு மதிப்பு குறைவு என்பதோடு, சீவியதில் ஆலைத் தயாரிப்பு .45 ஏசிபி சுடுவது ஆபத்தும்கூட. அசல் .455 தோட்டாவைவிட அதன் அழுத்தம் மிக அதிகம்.

பதிவேட்டுக்கு: எல்லா முத்திரைகளையும் சாய்வெளிச்சத்தில், அளவுகோலோடு படம் எடுங்கள். இடது, வலது, மேல், கீழ், கிரிப்பின் உட்புறம், குழலின் முனை, பிரித்த நிலை. எந்தப் பாகத்தில் எந்த எண் என்று பட்டியல், இல்லாத எண்ணையும் இல்லை என்றே குறியுங்கள். குழலின் நிலை, ஃபீலர் கேஜ் அளவு, துரு இருந்த இடம், நீங்கள் செய்த வேலை, பயன்படுத்திய பொருள், தேதி. வாங்கிய ரசீது, விற்றவர் கொடுத்த கடிதம், ஏற்றுமதி ஆவணம் ஆகியவற்றின் அசல் வேறிடத்தில், நகல் பதிவேட்டில். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகளுக்கு ஆலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் பெற வழி உண்டு. எந்தத் தேதியில், என்ன பூச்சில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று அதில் வரும். உங்கள் ரிவால்வருக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பொதுவெளியில் படம் போடும்போது சீரியலின் கடைசி இரண்டு இலக்கத்தை மறையுங்கள். முழு எண்ணைப் பார்த்து அதே எண்ணில் போலி அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.